பழைய போட்டைக் கொடுத்துப் புதிய போட் எடுக்கலாமா? பெரியகல்லாற்றிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 18½ அடி பைபர் போட் ஒன்றும் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் என்ஜின் ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் வயது 12. போட் கட்டி விற்கும் ஒரு போட் யாட், 23 அடிப் புதிய போட்டும் புதிய என்ஜினும் சேர்த்து 19 இலட்சம் ரூபா என்று விலை சொல்லி, பழைய போட்டையும் என்ஜினையும் 6 இலட்சத்துக்குத் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. மீதி 13 இலட்சத்தில் 5 இலட்சம் அவர் கையில் உண்டு. 8 இலட்சத்துக்கு லீசிங் ஒழுங்கு செய்து தருவார்களாம். “ஊரில் ஒருவரும் என்னுடைய போட்டுக்கு 6 இலட்சம் தரமாட்டார்கள். அப்படியென்றால் இது நல்ல விலைதானே?” என்பது அவருடைய கேள்வி.

நான் கல்லடிப் பக்கம் பைபர் போட் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். பிறகு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கு வழக்குகளையும் சில காலம் பார்த்தவன். இப்படிப் போட் மாற்றியவர்கள் பலரை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் சொல்ல வேண்டியது இது: அந்த 6 இலட்சம் உங்கள் போட்டின் விலை அல்ல. யாட்காரர் புதிய போட்டின் விலையைச் சொல்லும்போதே பழையதுக்கு என்று ஓர் இடத்தை அதற்குள் விட்டு வைத்துத்தான் சொல்கிறார். ஆகவே பழையதுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். பழையதை ஒப்படைத்துப் புதியதைக் கடலில் இறக்கும் நாள்வரை உங்கள் மடியிலிருந்து மேல்காசாக எவ்வளவு போகிறது என்ற ஒரே தொகைதான் உங்களுக்குப் பொருளுள்ளது.

அந்தத் தொகை நியாயமானதா என்று அறிய ஒரு வழி உண்டு. உங்கள் மைத்துனரையோ நண்பரையோ வேறொரு நாளில் அதே யாட்டுக்கு அனுப்பி, பழைய போட் பற்றிய பேச்சையே எடுக்காமல், அதே 23 அடிப் போட்டையும் அதே என்ஜினையும் கைக்காசுக்கு எடுத்தால் கடைசி விலை என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். விளக்கத்துக்காக 17½ இலட்சம் என்று பதில் வருவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் பழைய போட்டுக்கும் என்ஜினுக்கும் அவர்கள் உண்மையில் தரும் விலை 6 இலட்சம் அல்ல, 4½ இலட்சம்தான். இனி ஊரில் என்ஜினைத் தனியாக 3¼ இலட்சத்துக்கும் வெறும் போட்டை 2 இலட்சத்துக்கும் விற்க முடியுமென்றால் உங்கள் கைக்கு 5¼ இலட்சம் வரும். 17½ இலட்சத்துக்குப் புதியதை எடுக்க மேல்காசு 12¼ இலட்சம் போதும். யாட் சொன்ன 13 இலட்சத்தோடு ஒப்பிட்டால் 75,000 ரூபா உங்களிடமே நிற்கும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் ஊர் விலைகளை அந்த இடங்களில் போட்டுக் கணக்கைச் செய்து பாருங்கள். சில வேளைகளில் யாட்டின் விலையே மேலாக வரக்கூடும். அப்படி வந்தால் தயங்காமல் அவர்களிடமே கொடுக்கலாம்; விற்கும் அலைச்சலும் மிச்சம்.

போட்டையும் என்ஜினையும் ஏன் பிரித்துச் சொன்னேன் என்றால், நமது கரையில் அவை இரண்டும் ஒரே வேகத்தில் விலை இழப்பதில்லை. ஓடுகிற நிலையிலுள்ள மண்ணெண்ணெய் என்ஜினுக்கு வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்த நாளிலும் ஆள் உண்டு. முழு என்ஜினாக எடுக்காதவர்கூட உதிரிப்பாகத்துக்காக எடுப்பார். 12 வருடப் பழைய பைபர் உடலுக்கு அப்படி இல்லை. அதை வாங்குகிறவர் உங்கள் ஊரை விட்டால் அடுத்த ஊர் ஆளாகத்தான் இருப்பார். லொறியில் ஏற்றித் தூரம் கொண்டுபோகும் செலவை அந்த விலை தாங்காது. யாட்காரர்களும் இதை அறிவார்கள். “போட்டும் என்ஜினும் சேர்த்து 6” என்று ஒரே தொகையாகச் சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் என்ஜினின் விலைதான். ஆகவே “என்ஜினை நான் வைத்துக்கொண்டால் போட்டுக்கு மட்டும் எவ்வளவு கழிப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில் பேரத்தின் நிறத்தையே மாற்றிவிடும்.

என்ஜினைக் காட்டும் முன்னர் அதைப் பற்றி நீங்களே அறிந்திருக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினைக் கயிறு இழுத்து இயக்கிப் பாருங்கள்; சூடாக்கி வைத்துவிட்டுக் காட்டும் என்ஜினை அனுபவமுள்ளவர் தொட்டவுடனேயே சந்தேகிப்பார். குளிர்நீர் வெளியேறும் சிறு துவாரத்திலிருந்து தண்ணீர் அறுபடாமல் பீய்ச்ச வேண்டும். கீழ்ப் பகுதியில் கியர் ஒயில் ஆணியைக் கழற்றி இரண்டு சொட்டு ஒயிலை விரலில் எடுத்துப் பாருங்கள்: பால் கலந்த தேநீரைப் போல வெளுத்திருந்தால் சீல் விட்டு உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் மாற்றுவது சிறு செலவு. மாற்றாமல் ஓடினால் கியர் முழுவதும் போகும். புரொப்பெலரைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது நுனி ஒரே வட்டத்தில் வருகிறதா என்றும் கவனியுங்கள். கல்லாற்று முகத்துவாரத்திலும் பாலமீன்மடு முகத்துவாரத்திலும் மண்மேட்டில் அடிபட்ட என்ஜின்களில் தண்டு சற்று வளைந்திருப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு அது பழகிப்போயிருக்கும், வாங்குகிறவருக்கு முதல் ஓட்டத்திலேயே தெரியும். சாய்ந்தமருதுவிலோ மட்டக்களப்பிலோ நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து, அதை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருந்தால் விலை பேசும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும். என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றும் தேடுங்கள். என்ஜின் திருட்டு நடக்கும் கரைகளில் இலக்கத்தோடு பற்றுச்சீட்டு இல்லாத என்ஜினை நேர்மையானவர் யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்.

இனி போட்டின் உடல். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். ஏனென்றால் போட்டை மாற்ற வேண்டுமா இல்லையா என்பதையே தீர்மானிப்பது இதுதான், பலரும் பார்க்காமல் விடுவதும் இதுதான்.

பைபர் போட்டில் முதலில் சாகும் இடம் என்ஜின் பூட்டும் பின்பலகை. வெளியே பைபர் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. என்ஜினை இறுக்கும் ஆணிகளுக்காகத் துளைத்த துவாரங்களைச் சரியாக ரெசின் பூசி அடைக்காவிட்டால் வருடக்கணக்கில் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். ஒரு முறை களுவன்கேணியிலிருந்து ஒருவர் வர்ணம் புதிதாக அடித்த போட் ஒன்றை விற்பதற்கு முன் சிறு வெடிப்பு ஒன்றை அடைத்துத் தருமாறு கொண்டுவந்தார். பார்வைக்குக் குறையே இல்லை. ஐந்து ரூபாக் குற்றியால் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தேன். மேலே ‘டக் டக்’ என்று தெளிவாகக் கேட்ட ஓசை, ஆணித் துவாரத்துக்குக் கீழே வந்ததும் நனைந்த சாக்கைத் தட்டியதுபோல அமுங்கியது. ஆணியைக் கழற்றி மெல்லிய கத்தி நுனியை விட்டு எடுத்தபோது, காபி மண்டி போலக் கறுப்பாகவும் ஈரமாகவும் மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது, புளித்த மணம். உள்ளங்கை அளவு இடத்தில் பலகை என்று ஒன்றே இல்லை. அதன் மேல்தான் 25 குதிரைவலு என்ஜினைப் பூட்டி, கரை தெரியாத தூரம் அவர் போய் வந்துகொண்டிருந்தார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். போட்டைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து, மூன்று நாள் வெயிலில் விட்டு, அதன் பிறகு தட்டிப் பாருங்கள். பின்பலகை, அடிப்பாகத்தின் நடுமுதுகு, உள்ளே குறுக்குச் சட்டங்கள் உடலோடு சேரும் இடம் ஆகிய மூன்றும் முக்கியம். அடியில் சிறு கொப்புளங்கள் இருந்தால் ஒன்றை ஊசியால் குத்துங்கள். புளிப்பு மணத்தோடு நீர் கசிந்தால் ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டித் தண்ணீர் நார்ப் படைக்குள் போயிருக்கிறது. இன்னொரு அடையாளம் பாரம். வாங்கிய புதிதில் நான்கு பேர் தள்ளிய போட்டை இப்போது ஆறு பேர் தள்ள வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் இருக்கைகளுக்குக் கீழே மிதப்பதற்காக அடைத்திருக்கும் நுரை தண்ணீர் குடித்திருக்கக்கூடும். அந்தப் போட் கவிழ்ந்தால் முன்புபோல மிதக்காது.

நமது கரையில் போட்டுகள் விரைவாகத் தேய்வதற்குக் காரணமும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் மீன்பிடித் துறைமுகம் என்று சொல்ல வாழைச்சேனையும் ஒலுவிலும்தான். ஒலுவிலின் வாய் மண்ணால் அடைபடும் கதை அந்தப் பகுதிக் கடற்றொழிலாளர் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஊர்களில் எல்லாம் ஒவ்வொரு நாளும் போட்டை மணலில் இழுத்து ஏற்றி, மறுநாள் மணலில் இழுத்து இறக்குகிறோம். ஒவ்வொரு இழுவையும் அடிப்பாகத்துக்கு உப்புத்தாள் பிடிப்பது போலத்தான். 12 வருடம் இப்படி இழுபட்ட போட்டில் நடுமுதுகின் தடிப்பு குறைந்திருப்பது இயல்பு. அது மட்டும்தான் குறை என்றால், அடியைச் சுரண்டிக் காயவைத்து இரண்டு மூன்று படை பைபர் நார் விரிப்பும் ரெசினும் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும்.

ஆகவே தம்பி கேட்காத ஒரு கேள்வியையும் அவர் சார்பில் நானே கேட்டுக்கொள்கிறேன்: உண்மையில் மாற்ற வேண்டியது போட்டையா, என்ஜினையா? பின்பலகையும் சட்டங்களும் நல்ல ஓசை தந்தால், அடியை மறுபடை போட்டு, புதிய என்ஜினை மட்டும் வாங்கி, பழைய என்ஜினை விற்றுவிடுவதுதான் என்னுடைய முடிவாக இருக்கும். பின்பலகை மட்டும் கெட்டிருந்தால் அதை முழுதாக வெட்டி எடுத்துப் புதிய பலகை வைக்கலாம். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் அந்த வேலையைத் திருத்தமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பின்பலகையும் சட்டங்களும் சேர்ந்து போயிருந்தால்தான் போட்டை விட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த போட்டுகளில் சில அவசரத்தில், மெல்லிய படையில் கட்டப்பட்டவை; அந்த வகைப் போட் இன்னும் யாரிடமாவது இருந்தால் திருத்தத்துக்குக் காசு போடாமல் மாற்றிவிடுவதே நல்லது.

கெட்டுப்போன போட்டைக் கொடுப்பதென்று முடிவானால், பழுதை வர்ணம் பூசி மறைத்துக் கொடுக்க வேண்டாம். யாட் அந்தப் போட்டை வெட்டி எறியப் போவதில்லை. மேலால் ஒரு படை போட்டு, இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பத்துக்கு விற்கும். கச்சான் காற்றுக் காலத்தில், தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று கிளம்பும் நேரத்தில், பின்பலகை கழன்று என்ஜினோடு கடலில் விழுந்தால் அந்தப் போட் கரைக்கு வராது, வெளியேதான் இழுபட்டுப் போகும். களுவன்கேணிக்காரரிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவர் விற்காமல் பலகையை மாற்றிக்கொண்டு போனார். பழுது இன்னது என்று எழுதிக் கொடுத்து அதற்குரிய விலையை வாங்குங்கள்.

அடுத்தது புதிய போட்டின் அளவு. 18½ அடியிலிருந்து 23 அடிக்குப் போவதை வெறும் நாலரை அடி என்று நினைக்க வேண்டாம். நீளத்தோடு அகலமும் ஆழமும் கூடுகின்றன. வெறும் போட்டின் பாரம் பெரிதாக ஏறும். உங்கள் கரையில் அதை ஏற்றி இறக்க ஆட்கள் இருக்கிறார்களா, அல்லது ஒவ்வொரு நாளும் உழவு இயந்திரத்துக்குக் காசு கொடுக்க வேண்டுமா? பழைய போட்டில் இரண்டு பேர் போனீர்கள் என்றால் புதியதில் மூன்று பேர் வேண்டும். பங்கு பிரிக்கும்போது ஓர் ஆள் கூடுகிறார். எண்ணெய்ச் செலவும் கூடும். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக ஏறியதை நாம் மறக்கவில்லை. கரையில் ஏற்றி வைத்த போட்டுகளை அந்த மாதங்களில் வரிசை வரிசையாகப் பார்த்தோம். பெரிய போட்டும் பெரிய என்ஜினும் எடுக்கும்போது, எண்ணெய் விலை இன்னும் ஒரு மடங்கு ஏறினாலும் தொழில் ஓடுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் வழக்கமாகப் போகும் தூரத்துக்கும் போடும் வலைக்கும் 23 அடி தேவை என்றால் எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போட்டைப் பார்த்து எடுக்க வேண்டாம்.

புதிய போட்டுக்கு முற்பணம் கொடுக்கும்போது வாய்ப் பேச்சை நம்பாமல் எழுதி வாங்குங்கள். நீளம் எங்கிருந்து எங்கே அளக்கப்படுகிறது, அடியிலும் பக்கத்திலும் எத்தனை படை, பின்பலகைக்குக் கடல் நீருக்குரிய ஒட்டுப்பலகையா, அதன் தடிப்பு என்ன, வரி உட்படச் சொன்ன விலையா, கரைக்குக் கொண்டுவரும் லொறிக் கூலி யாருடையது, எந்தத் தேதியில் தருவார்கள், பிந்தினால் என்ன ஆகும் என்பவை எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். இயலுமானால் போட் கட்டும் நாட்களில் ஒரு முறை நேரில் போய், படை போடும்போதே பாருங்கள். மூடிய பிறகு எத்தனை படை என்று யாராலும் எண்ண முடியாது. அந்த யாட் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் ஏற்புப் பெற்றதா, அவர்கள் கட்டும் போட்டைத் தடையின்றிப் பதிய முடியுமா என்பதையும் முற்பணம் கொடுக்கும் முன்னரே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

8 இலட்சம் லீசிங் பற்றி. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். “நூற்றுக்கு 15 வட்டி” என்று சொன்னால், அது குறைந்துவரும் மீதிக்கு 15ஆ, முழுத் தொகைக்கும் கடைசிவரை 15ஆ என்று கேளுங்கள். முழுத் தொகைக்கும் என்றால், 8 இலட்சத்துக்கு மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 3,60,000 ரூபா. மாதத் தவணை 32,000 ரூபாவுக்குச் சற்று மேல். நீங்கள் மாதாமாதம் முதலையும் கட்டிக்கொண்டே வருவதால் அது உண்மையில் நூற்றுக்கு 26ஐ ஒட்டிய வட்டியாகும். இரண்டும் ஒரே 15தான் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தவணையின் தொகையை விட எனக்குக் கவலை தருவது அதன் மாதங்கள். நமது கடல் பங்குனியில் இருந்து புரட்டாதி வரை தருகிறது. வாடைக் காலத்தில், நவம்பரில் இருந்து ஜனவரி கடைசி வரை, போட் கரையில் கிடக்கும் நாட்களே அதிகம். லீசிங் கொம்பனிக்கு அந்த மாதங்களும் மற்ற மாதங்களைப் போன்றவைதான். சங்கத்தில் இருந்தபோது தவணை தவறிப் போட்டைப் பறிகொடுத்தவர்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் தவறு ஏறக்குறைய எல்லாருக்கும் டிசம்பரில்தான் நடந்திருந்தது. ஆகவே ஒப்பந்தம் எழுதும் முன்னரே, வாடை மாதங்களில் வட்டி மட்டும், பருவ மாதங்களில் கூடுதல் தவணை என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் கூட்டுறவுச் சங்கக் கடன், அரச வங்கிகளின் கடற்றொழில் கடன் ஆகியவற்றை விசாரியுங்கள். எதுவும் அமையாவிட்டால், மூன்று மாதத் தவணைக் காசைத் தனியாக எடுத்து வைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது ஒரே ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: கரையில் நிற்கும் போட்டுக்கு நேரும் சேதத்தையும் அது ஏற்கிறதா? 1978 நவம்பர் 23 இரவில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் 2004 சுனாமியும் கரையில் ஏற்றி வைத்திருந்த போட்டுகளையும் தோணிகளையும்தான் கொண்டுபோயின.

பதிவு விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச விரும்புகிறேன். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகுகள் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பைபர் போட்டில் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கும் எழுத்துகளும், பலநாள் படகில் ஐ.எம்.யூ.எல். என்று தொடங்கும் எழுத்துகளும் அணியத்தின், அதாவது முன்பகுதியின், இரு பக்கமும் எழுதப்பட்டிருப்பது இதற்காகத்தான். அந்த இலக்கத்தைக் கண்டவுடன் கடற்படையும் பொலிசும் கடற்றொழில் பரிசோதகரும் தேடுவது ஏட்டில் இருக்கும் பெயரை. பழைய போட்டை எடுக்கும் யாட் பல வேளைகளில், “ஆள் கிடைத்தவுடன் அவர் பெயருக்கே மாற்றிவிடுவோம், நீங்கள் இந்தத் தாளில் கையெழுத்து மட்டும் வையுங்கள்” என்று எழுதாத தாளை நீட்டும். அவர்களுக்கு ஒரு மாற்றம் மிச்சமாகிறது. அந்த இடைக்காலம் முழுவதும் பாரம் உங்கள் தலையில்.

என் சித்தப்பா ஒருவருக்கு இது நடந்தது. போட்டைக் கொடுத்து ஒன்றரை வருடம் கழித்து, தடை செய்யப்பட்ட முறையில் மீன்பிடித்ததாக அந்தப் போட் பிடிபட்டது. கைதானவர்கள் அவர் முகமே காணாதவர்கள். ஆனால் ஏட்டில் இருந்தது அவருடைய பெயர். யாட்காரர் “நாங்கள் எப்போதோ விற்றுவிட்டோம்” என்றார். யாரிடம் விற்றார் என்பதற்கு அவரிடமும் தாள் இல்லை. தான் குற்றம் செய்யவில்லை என்று காட்டுவதற்காக அவர் நீதிமன்றத்துக்கு நடந்த நாட்களில் அந்தப் பருவத்தின் பாதி போய்விட்டது. வயது அறுபதுக்கு மேல். வாழ்நாளில் பொலிஸ் நிலையப் படி ஏறாதவர். அந்த நாட்களில் அவர் வீட்டுத் திண்ணையில் பேசாமல் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

ஆகவே எழுதாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். போட் யார் கைக்குப் போகிறதோ அவரும் நீங்களும் உங்கள் பிரதேசத்துக் கடற்றொழில் பரிசோதகரிடம் போய், உரிமை மாற்றத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அதன் பிரதியை வாங்கிய பிறகே போட்டை விடுங்கள். யாட் தன் பெயருக்கே முதலில் மாற்ற மறுத்தால், ஒப்படைத்த தேதி, நேரம், போட்டின் இலக்கம், என்ஜின் இலக்கம், எடுத்தவரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, அதன் பிரதியைத் திணைக்கள அலுவலகத்திலும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். உடைத்துவிடப் போகிறார்கள் என்றால் பதிவை நீக்கும்படி எழுதிக் கொடுத்து, அணியத்து இலக்கத்தை உங்கள் கையாலேயே சுரண்டி அழியுங்கள். புதிய போட்டுக்குப் பதிவையும் மீன்பிடி உரிமத்தையும் புதிதாகப் பெற வேண்டும். பழைய போட்டின் தாள்களை வைத்துக்கொண்டு புதியதில் போக முடியாது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து தாள்களைத் தொலைத்தவர்கள், தந்தையின் பெயரிலேயே இன்னும் பதிவு இருக்கும் போட்டை ஓட்டுபவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் விலை பேசத் தொடங்கும் முன்னரே அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேரம் முடிந்த பிறகு அது தெரியவந்தால் யாட் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது. யாட்காரர் பழைய போட்டை இன்றே ஏற்றிச் செல்ல விரும்புவார்; புதியது “ஒரு மாதத்தில்” என்பார். அந்த ஒரு மாதம் மூன்று மாதமானவர்களை எனக்குத் தெரியும். பருவம் நடுவில் போட் இல்லாமல் மற்றவர் போட்டில் பங்குக்குப் போனார்கள். பழையதை ஒப்படைப்பதும் புதியதைப் பெறுவதும் ஒரே நாளில், ஒரே கரையில் நடக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். புதியதைக் கடலில் இறக்கி, என்ஜின் பூட்டி, வலையும் ஆளும் ஏற்றி ஒரு முறை ஓடித் திரும்பி வந்து, பின்பலகை ஆணிகளைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே பழையதின் கயிற்றைக் கொடுங்கள். ஒக்டோபர் முடிவில் முற்பணம் கொடுத்து, வாடை மாதங்களில் கட்டவைத்து, மாசி கடைசியில் இறக்குவது நமது கரைக்குப் பொருத்தமான ஒழுங்கு. மழை நாட்களில் ரெசின் சரியாக இறுகுவதற்கு யாட்டில் நல்ல கூரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடைக்கு முன் யாட்டுகளில் வேலை குறைவதால் விலை பேசவும் இடம் கிடைக்கும்.

தம்பி, உங்கள் கேள்விக்கு ஆம் இல்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டைக் கவிழ்த்து வெயிலில் விடுங்கள். புதன்கிழமை ஒரு நாணயக் குற்றியை எடுத்துப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். மேல் ஆணித் துவாரம் ஒன்றைத் திறந்து உள்ளே இருப்பது காய்ந்த மரமா, கறுத்த தூளா என்று பாருங்கள். அதையும், பழையது இல்லாமல் யாட் சொல்லும் கைக்காசு விலையையும் எழுதி அனுப்பினால் மேல்காசுக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.